கதவுக்கு உள்ளே நின்றவர்கள்

உப்பாங்கரைக்குக் கிழக்கே கடல் எழுந்து நின்றது ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் செண்பகவடிவு சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். அலை மாதிரி அது வரவில்லை, இரைச்சல் போடவில்லை. படுத்துக்கிடந்த மாடு எழுந்திருப்பதுபோல மெல்ல எழுந்து, இரண்டு பனை உயரத்துக்கு நிமிர்ந்து, உப்பளத்தின் கடைசி வரப்பை ஒட்டி, வடக்கே ஐஸ் கம்பெனியிலிருந்து தெற்கே சுடுகாடு வரைக்கும் ஒரே சுவராக நின்றுவிட்டது.

முதல் நாள் ஊர் மொத்தமும் மூட்டை முடிச்சோடு மெயின் ரோட்டுக்கு ஓடியது. நாலு நாள் ரோட்டோரத்தில் கிடந்து பார்த்தார்கள். தண்ணீர் விழவில்லை, ஆனால் ஆடுகளுக்குத் தீவனம் தீர்ந்துவிட்டது, கைப்பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, எனவே ஐந்தாம் நாள் திரும்பி வந்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள், முக்காலி நாட்டி அளந்தார்கள், தொட வேண்டாம் என்று போர்டு வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு மாதத்துக்குள் எல்லாம் பழகிவிட்டது. சூரியன் அந்த ஊருக்கு மட்டும் இரண்டு மணி நேரம் பிந்தி வந்தது. அதுவரை தண்ணீர்ச் சுவருக்குள் புகுந்து வந்த வெளிச்சத்தில் வீடும் கோழியும் கோலமும் மனிதர் முகமும் பாசி நிறத்தில் இருந்தன. துவைத்த துணி உலர மூன்று நாள் ஆனது. படகு இறக்க வழியில்லாத மீன்காரர்கள், நீள மூங்கிலில் வலையைக் கட்டிச் சுவருக்குள் பக்கவாட்டில் குத்தி, கண்ணெதிரே நீந்திப்போகும் பாறை மீனையும் சீலா மீனையும் மாங்காய் பறிப்பதுபோலப் பறித்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து போட்டோ எடுக்க ஆள் வந்தது, அவர்களுக்கு எலுமிச்சை ஜூஸ் விற்க ஒரு தள்ளுவண்டியும் வந்தது. ஆனாலும் ஊரில் யாரும் அதற்கு முதுகைக் காட்டி உட்காரவில்லை. யாரும் சத்தமாகப் பேசவில்லை. குழந்தை வீறிட்டால் தாய்மார்கள் முதலில் கிழக்கே பார்த்துவிட்டுத்தான் குழந்தையைப் பார்த்தார்கள்.

அந்தத் தண்ணீர்ச் சுவர் நடக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் டீக்கடை பிச்சைக்கண்ணு. குளிர்பானம் சப்ளை செய்ய வந்த வெளியூர்க்காரன் ஒருவன், நாலு வருஷத்துக்கு முந்திய புயலில் இந்த ஊரில்தானே ஏழு பேர் செத்தார்கள் என்று கேட்க, பிச்சைக்கண்ணு டீயை ஆற்றியபடியே வழக்கமாகச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஆமா தம்பி. உப்பளத்துல வேலை செய்ய ராம்நாட்டுப் பக்கத்துல இருந்து வந்த சனங்க. நாங்க முந்நூத்திப் பன்னெண்டு பேரும் புயல் கட்டடத்துல இருந்தோம். அவுஹ பிந்தி வந்துருக்காவ. கதவு சாத்திக் கிடந்துது. காத்துல எங்களுக்கு ஒண்ணும் கேக்கல. பாவம், திரும்பிப் போற வழியில தண்ணி எடுத்துட்டுது."

சொல்லி முடித்து டம்ளரை வைத்தபோது கிழக்கே ஒரு பெருமூச்சு கேட்டது. கடல் ஒரு கஜம் முன்னால் வந்து நின்றது. கடைசி வரப்பில் இருந்த பதினோரு பாத்திகளைக் காணவில்லை.

அன்றைக்கு அதைத் தற்செயல் என்றார்கள். மறு வாரம் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை தன் தாத்தா சொன்னதாக அதே கதையைச் சொன்னது, கடல் இன்னொரு கஜம் வந்தது. அதற்கடுத்து ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ பேச்சுவாக்கில் தொடங்கி, 'கதவு சாத்திக் கிடந்துது' என்பது வரைக்கும் போனதற்கே, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையைவிட்டு எழுந்து ஓட வேண்டியதாயிற்று.

சரி, அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று ஊர் முடிவு செய்தது. இருபது நாள் எவரும் வாய் திறக்கவில்லை. முளைக்குச்சி அடித்து அளந்து பார்த்தபோது, நாளுக்கு ஒரு விரற்கடை வீதம் கடல் வந்துகொண்டேயிருந்தது. தப்பாகச் சொன்னால் ஒரு கஜம், சொல்லாமல் இருந்தால் ஒரு விரற்கடை. முதல் வீட்டுக்கும் அதற்கும் இடையே நூற்றி எண்பது அடி இருந்தது.

பிரசிடெண்ட் ஆத்திமுத்து அரசமரத்தடியில் கூட்டம் போட்டார். தடித்த மனிதர், பேசும்போது இடதுகையால் நெஞ்சைத் தடவிக்கொள்கிறவர்.

"அது கதை கேக்குது. சரியாச் சொல்லிட்டா போயிரும். ஊர்க்கண்ணுல இருந்து சொல்லுவோம். 'நாங்க'ன்னு ஆரம்பிப்போம், அதுல யாருக்கும் சேதாரமில்ல" என்றார்.

ஊர்க்கண்ணிலிருந்து சொன்னார்கள். இரண்டு கஜம் வந்தது. புயலின் கண்ணிலிருந்து சொல்லிப் பார்த்தார்கள், கரையை அது எப்படிப் பார்த்திருக்கும் என்று. ஒரு கஜம். ஊர்க்காவல் அம்மனின் கண்ணிலிருந்து சொன்னார்கள், அம்மனுக்கு எல்லாம் தெரியுமே என்று. அதற்கும் ஒரு கஜம். பிறகு செத்துப்போனவன் கண்ணிலிருந்துதான் சொல்ல வேண்டும் என்று யாரோ சொல்லப்போக, வெளியூரிலிருந்து ஒரு வில்லுப்பாட்டுக்காரரைக் கூட்டிவந்து, செத்த ஏழு பேரில் ஒருவரான உப்பளத்துக் கருப்பையாவாக நின்று பாடச் சொன்னார்கள். அவர் நல்ல கலைஞர். 'கதவோரம் நான் வந்தேன், சாத்தியிருக்கக் கண்டேன், யாரையும் நான் நோகேன்' என்று அவர் கருப்பையாவின் வாயில் வைத்துப் பாடியபோது, பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கடல் ஒரே எட்டில் ஒன்பது கஜம் வந்து சுடுகாட்டை முழுசாக எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு பல நாட்கள், பகல் பதினோரு மணி வெளிச்சத்தில், ஊர்க்காரர்கள் தங்கள் தகப்பன்மார் எலும்புகள் அந்தச் சுவருக்குள் ஆள் உயரத்தில் மிதந்துபோவதைப் பார்த்தார்கள்.

இந்த எல்லாக் கதையையும் செண்பகவடிவு கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து கேட்டாள். எல்லாக் கதையிலும் கதவு தானாகவே சாத்திக் கிடந்தது.

புயல் கட்டடத்தின் சாவி அன்றைக்கு அவளிடம்தான் இருந்தது. பிள்ளைகள் டீச்சர் என்று கூப்பிடுகிற சத்துணவு அமைப்பாளர் என்பதால் அரிசி மூட்டைகளோடு சாவியையும் அவளிடமே கொடுத்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும், ஆத்திமுத்துவுக்குத் தெரியும், முந்நூற்றிப் பன்னிரண்டு பேருக்கும் தெரியும். நாலு வருஷத்தில் ஒருவர்கூட அதை அவளிடம் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவர்கள் அவளுக்குச் செய்த உபகாரம், சொல்லாமல் இருந்தது அவள் அவர்களுக்குச் செய்தது.

சுடுகாடு போன மறுநாள் பிச்சைக்கண்ணு அவளைத் தேடி வந்தார். "யாரோ ஒருத்தர் கண்ணுல இருந்து சொல்லணும் தாயி. யார்ங்கதுதான் தெரியல. மிச்சம் ஒரே ஒருத்திதான் இருக்கா. நீதான் நல்லா எழுதுவ, பதமாப் பேசுவ. போயிக் கேட்டு எழுதிட்டு வாயேன்."

மிச்சமிருந்த ஒருத்தி இருளாயி. கருப்பையாவின் பெண்டாட்டி. பிந்தி வந்த அந்த எட்டுப் பேரில் பிழைத்தவள் அவள் ஒருத்திதான். சொந்த ஊருக்குப் போகாமல் உப்பளத்துக் குடிசையிலேயே இருந்தாள். கடல் எழுந்த அன்றும் ஓடவில்லை. இப்போது அவள் குடிசைக்கும் தண்ணீருக்கும் இடையே பத்து அடிதான் இருந்தது.

செண்பகவடிவு நோட்டும் பேனாவுமாகப் போனபோது இருளாயி வாசலில் விறகுக்கு உடைமுள் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவர் வானம் வரைக்கும் நின்றது. அதனுள்ளே ஒரு திருக்கை துணி விரித்ததுபோல அசைந்து அசைந்து மேலேறியது.

"வாங்க" என்றாள் இருளாயி, நிமிராமல்.

"ஒன் கண்ணுல இருந்து அந்தக் கதையச் சொல்லணும்ங்காவ. நீ சொல்லு, நான் எழுதிக்கிடுதேன்."

இருளாயி அரிவாளைக் கீழே வைத்தாள். "எங் கண்ணுல இருந்தா? எங் கண்ணுக்கு என்ன தெரிஞ்சுச்சு? தண்ணி என்னைய முன்னாலேயே இழுத்துட்டுப் போயிருச்சு. தள்ளி ஒரு பனையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். மழைக்குள்ள ஒரு பச்சக் கதவு தெரிஞ்சுச்சு. அதுக்கு முன்னால எம் புருசன் முதுகும் எம் பிள்ளையும். பெறகு கதவு மட்டும். அம்புட்டுத்தான். வெளிய நின்னவளுக்கு ஒரு கதவுதான் கதை. ஒரு கதவப் பத்தி எம்புட்டு நேரம் சொல்ல முடியும்?"

செண்பகவடிவின் பேனா நோட்டின்மேல் நின்றிருந்தது.

"கதை உள்ளேயில்ல இருக்கு" என்றாள் இருளாயி. "நாலு வருசமா அதத்தான் ஒக்காந்து கட்டிப் பாக்குறேன். ஒரு நாளு, உள்ள எல்லாரும் அசந்துட்டாகன்னு வச்சுக்கிருவேன். ஒரு நாளு, தாப்பா மாட்டிக்கிருச்சுன்னு. ஒரு நாளு, காத்துச் சத்தம்னு. எதுவும் ரெண்டு நாளைக்கு மேல நிக்க மாட்டேங்குது. இந்த ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் சொல்லுறாக, எங்கிட்ட மட்டும் ஒருத்தரும் வந்து சொல்லல. நான் சொல்ல வேண்டிய ஆளு இல்ல. கேக்க வேண்டிய ஆளு."

செண்பகவடிவு எதுவும் எழுதாமல் நோட்டை மூடினாள். "நாளைக்குக் காலையில" என்றாள்.

விஷயம் அவளுக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டிருந்தது. ஆத்திமுத்து சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நீ சொல்லப் போறதாக் கேள்விப்பட்டேன்."

"ஆமா அண்ணாச்சி."

"ஒன் கண்ணு எங்க நிக்கும்னு யோசிச்சியா? நீ உள்ள நின்னு பாத்தா, ஒனக்குப் பக்கத்துல நின்னவனெல்லாம் தெரிவான். ஒன்னைய யாரும் இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டிருக்கோமா? சொல்லு, கேட்டிருக்கோமா?"

"கேக்கல அண்ணாச்சி."

"பெறகென்ன? மகளக் கட்டிக்குடுத்த இடத்துல இதத் தெரிஞ்சா என்ன நெனப்பாவ?"

அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே போனார். அவளுடைய பயம் அவருக்கும் இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, பாசி வெளிச்சத்தில், ஊர் மொத்தமும் உப்பளத்து மேட்டில் கூடியது. இருளாயி கவிழ்த்துப் போட்ட உப்புக் கூடையில், சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே செண்பகவடிவு நின்றாள். சொல்லப்போவது தப்பாகிவிட்டால் முதலில் போவது இருளாயி, அடுத்து அவள்.

"கதவு..." என்று தொடங்கி நிறுத்தினாள். தண்ணீர் லேசாக முன்னால் சாய்ந்தது. கூட்டத்தில் யாரோ 'ஐயோ' என்றார்கள்.

"கதவ நான் சாத்துனேன்" என்றாள் செண்பகவடிவு.

தண்ணீர் சாய்ந்தபடியே நின்றது.

"மத்தியானம் ஒரு மணி இருக்கும். இருட்டிப்போச்சு. ஒவ்வொரு தடவ திறக்கும்போதும் முழங்கால் தண்ணி உள்ள வந்துது. எம் மக உலகம்மா பிள்ளை பெத்துப் பன்னெண்டு நாள். கதவுக்குப் பக்கத்துலதான் அவளுக்கு இடம் கெடச்சுது. பிள்ளையத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிட்டு என்னையப் பாத்தா. நான் சாத்திட்டேன். தாப்பாளப் போட்டேன். போடும்போதே தெரியும், உப்பளத்துச் சனம் இன்னும் வரலன்னு."

"யாரும் சாத்தச் சொன்னாகளா?" என்று இருளாயி கேட்டாள்.

"இல்ல. யாரும் சொல்லல. பெறகு தட்டுனாவ. பெரிய கை. அது ஒம் வீட்டுக்காரரு. தம் பேரச் சொல்லித் தட்டுனாரு. எங்க எல்லாருக்கும் கேட்டுது. காத்துல கேக்கலங்கது பொய்யி. ஒருத்தரு முகத்த ஒருத்தரு பாத்தோம். பிரசிடெண்டு அண்ணாச்சி, 'இப்பத் திறந்தா பெறகு சாத்த முடியாது'ன்னாவ. அது நெசமா பொய்யான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனா அவுஹ சொன்னது எனக்கு வேண்டியிருந்துது. கை தாப்பாளு மேலதான் இருந்துது. எடுக்கல."

"எம்புட்டு நேரம் தட்டுனாரு?"

"பிள்ளைக்கு ஒரு தடவ பால் குடுத்து முடிக்கிற நேரம்."

இருளாயி தரையைப் பார்த்தாள். பிறகு, அதுவரை இல்லாத மெல்லிய குரலில் கேட்டாள். "ராக்கு தட்டுனாளா?"

ராக்கு அவள் மகள். ஒன்பது வயது. நான்காம் வகுப்பு.

இதைச் செண்பகவடிவு யாரிடமும் சொன்னதில்லை, உலகம்மாளிடம்கூட. அன்றைக்குக் கதவுக்கு மிக அருகில் நின்றவள் அவள்தான். இதைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

"தட்டுனா. கீழ தட்டுனா. பெரிய கை நின்ன பெறகு. கதவுக்கு அடியில வாய வச்சுப் பேசுனா."

"என்ன பேசுனா?"

"'டீச்சர், நான் ராக்கு, டீச்சர். சோத்துக்கு ரெண்டாவது வரிசையில உக்காருவேனே, அந்த ராக்கு'ன்னா. யாருன்னு எனக்குத் தெரியாமத்தான் திறக்கலன்னு நெனச்சிட்டா. மூணு தடவ சொன்னா, மூணு தடவயும் பொறுமையா, வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி. நாலாவது தடவ சொல்லல."

இருளாயி அழவில்லை. "ரெண்டாவது வரிசை" என்றாள், பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஒருத்தி சொல்வதுபோல. எழுந்து குடிசைக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள்.

தண்ணீர் பின்னால் போகவில்லை. ஆனால் முளைக்குச்சிக்காரர்கள் போய்ப் பார்த்து, சுவரின் உச்சி நாலு விரற்கடை இறங்கியிருப்பதாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஊர் அதையும் பழக்கமாக்கிக்கொண்டது. மறுநாளே பிச்சைக்கண்ணு போய் இருளாயி முன்னால் நின்று, தான் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்ததையும், தட்டுகிற சத்தம் கேட்டதும் தன் காதுகளைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டதையும் சொன்னார். நாலு விரற்கடை. அடுத்த நாள் இன்னொருத்தர். ஆளுக்கு நாலு விரற்கடை என்று கணக்குப் போட்டால், முந்நூற்றிப் பன்னிரண்டு பேரும் அவரவர் நின்ற இடத்திலிருந்து சொல்லி முடிக்கும்போது கடல் தரைமட்டத்துக்கு வந்துவிடும். அதில் இருபது பேர் இதற்குள் செத்துப்போயிருந்தார்களே, பன்னிரண்டு பேர் அன்று கைக்குழந்தைகளாயிற்றே, அவர்கள் பங்கை யார் சொல்வது என்று ஒரு கவலையும் கூடவே வந்தது.

அதைவிடப் பெரிய கவலை இருளாயிதான். அவள் செத்துப்போனால் கேட்க ஆளில்லை. எனவே அவளைப் பனியில் விடக்கூடாது என்று ஊர் நடுவில் ஓட்டு வீடு கொடுத்தார்கள். காலையில் பால், மதியம் மீன், வாரம் ஒரு தடவை டாக்டர். அவள் தும்மினால் ஊர் நின்றது. கம்பளி கொண்டுவந்து போர்த்தினார்கள், வழுக்கிவிடுவாள் என்று குளிக்கப் போகும்போது இரண்டு பெண்கள் கூடப் போனார்கள். நாலு வருஷமாக உப்பளத்து மேட்டில் யார் கண்ணிலும் படாமல் இருந்தவள் இப்போது ஒரு நிமிஷம்கூடத் தனியாக இல்லை. காலையும் மாலையும் ஆள் மாற்றி ஆள் வந்து, நான் தூணுக்குப் பின்னால் நின்னேன், நான் ஜெபம் பண்ணிட்டிருந்தேன், நான் திறங்கன்னு சொல்ல வாயெடுத்தேன் சொல்லல, என்று இறக்கி வைத்துவிட்டு, வெளியே வந்ததும் முதல் வேலையாகக் கிழக்கே பார்த்தார்கள். அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை. செண்பகவடிவு மட்டும் தினமும் சோறு கொண்டுபோகும்போது பார்த்தாள். அந்த முகம் நாளுக்கு நாள் உப்புப்போலக் கரைந்துகொண்டிருந்தது.

நாற்பத்து மூன்றாவது ஆள் சொல்லிவிட்டுப் போன மறுநாள் காலை, இருளாயி ஒரு துணிப்பையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றாள்.

ஐந்து நிமிஷத்தில் ஊர் கூடிவிட்டது. ஆத்திமுத்து இன்னும் சொல்லாதவர். வேட்டி மடிப்பு அவிழ ஓடி வந்து கைகூப்பினார். "யம்மா, எங்கயும் போகக்கூடாதும்மா. என்ன வேணும்னாலும் செய்யுதோம்."

"எனக்கு வேண்டியது கெடச்சிருச்சு" என்றாள் இருளாயி. "அவ கடேசியாப் பேசுனத டீச்சர் சொல்லிட்டாக. பெறகு வந்ததெல்லாம் உங்களுக்காக நான் கேட்டது. நாப்பது பேரு எம் பிள்ளைய நாப்பது தடவ வெளிய நிக்க வச்சுட்டீக. இனிமே என்னால ஆகாது."

"தண்ணி?" என்றார் ஆத்திமுத்து.

"அது உங்க தண்ணி."

பஸ் வந்தது. யாரும் அவள் கையைப் பிடிக்கத் துணியவில்லை. படியில் ஏறும்போது அவள் செண்பகவடிவைத் திரும்பிப் பார்த்தாள். மன்னித்தேன் என்று அந்தப் பார்வையில் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்தவர்கள் பார்க்கிற பார்வை அது. செண்பகவடிவுக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

பஸ் திருப்பத்தில் மறைந்ததும் கிழக்கே அந்தப் பெருமூச்சு கேட்டது. மொத்த ஊரும் திரும்பியது. அவ்வளவுதான், ஆத்திமுத்து கத்தத் தொடங்கினார், "நான் சொல்லுதேன், நான் ஜன்னல் பக்கம் நின்னேன்" என்று; அவரைத் தொடர்ந்து இன்னொருத்தர், பிறகு பத்துப் பேர், பிறகு சொல்லாமல் மிச்சமிருந்த அத்தனை பேரும், சுவரைப் பார்த்து, ஒருவர் குரலை ஒருவர் அமுக்கி, நான் நின்னேன், நான் கேட்டேன், நான் பாத்தேன் என்று ஒரே நேரத்தில் தங்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள். கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. தண்ணீர் அடுத்த வரப்பைத் தாண்டியது. இருளாயியின் பழைய குடிசை இரண்டாக மடிந்து உள்ளே போயிற்று.

செண்பகவடிவுக்கு ஓட வேண்டும்போல இருந்தது. பஸ் போன ரோடு வெறிச்சென்று கிடந்தது, காலும் அந்தப் பக்கமே திரும்பியது. ஆனால் அவள் ஓடவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த ஆத்திமுத்துவின் கையைப் பிடித்து இழுத்து, ரோட்டோரத்து மைல்கல்லில் உட்காரவைத்தாள். தானும் எதிரே தரையில், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பின்கழுத்தில் ஈரக்காற்று வந்து படிந்தது. அது எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கத்தாதீங்க அண்ணாச்சி" என்றாள். "எங்கிட்டச் சொல்லுங்க. ஜன்னல் பக்கம் எங்க நின்னீங்க?"